இருவர் படுக்கும் மெத்தை

சத்தியம். மருதமலை முருகன் மேல் சத்தியம், போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரி மேல் சத்தியம், வாயில் மிச்சமிருக்கும் சொந்தப் பற்கள் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வெளியே சொன்னால் நம்ப ஆளில்லை என்பதால் மனசுக்குள்ளேயே தொண்டை கிழியக் கத்திச் சொல்கிறேன். அதுவும் நின்றுகொண்டு சொல்லவில்லை, அவினாசி ரோட்டில் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடைக்குள்ளே, பச்சைப் பிளாஸ்டிக் புல்லின் மேல் விரித்துப்போட்ட ஒற்றை ஆள் மெத்தையில் மல்லாந்து கிடந்துகொண்டு சொல்கிறேன். மேலே சாம்பல் நிறத்தில் ஏசிக் குழாய்கள் யானைத் துதிக்கை மாதிரி வளைந்து வளைந்து போகின்றன. சனிக்கிழமைக் கூட்டம் என் தலையைச் சுற்றிப் போய்வருகிறது, ஒரு குழந்தை நின்று என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஏதோ கேட்கிறது, அந்தம்மா அதன் கையைப் பிடித்து இழுக்கிறாள். தலைமாட்டில் மேகலா என்கிற விற்பனைப் பெண் நீலச் சட்டையோடு குனிந்து, இடுப்புக்கு எப்படி இருக்குதுங்க ஐயா, இடுப்பு அமுங்குதா, தரை தட்டுதா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறாள். இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது அம்மணி. எல்லாரும் என் இடுப்பையே விசாரிக்கிறார்கள். இடுப்புக்குக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் கீழே, அங்கே இருக்கிற சங்கதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன், சொன்னதும் என் சம்பந்தி மருதாசலம் பக்கத்து மெத்தையிலிருந்து எழுந்து போய்விட்டார், அதோ சைக்கிள்கள் தொங்கவிட்டிருக்கும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், ஒரு சைக்கிளின் மணியை அடிக்காமல் விரலால் தடவிக்கொண்டிருக்கிறார், நான் கண்ணை மூடிக்கொண்டால் அந்த முதுகு தெரியாது என்று நினைத்தேன், மூடினாலும் தெரிகிறது.

எல்லாம் பூபதி கார் வாங்கியதில் ஆரம்பித்தது. பூபதி என் மகன், ஒரே மகன். பின் சீட்டை மடக்கிவிட்டால் கார் ஒரு சின்ன அறை மாதிரி ஆகிவிடும், அதில் மெத்தை போட்டுப் படுக்கலாம் என்று டேப்பை வைத்து அளந்து அளந்து பார்த்தான். வீட்டில் கட்டிலும் ஃபேனும் இருக்க காருக்குள் எதற்குப் படுக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது, அதற்கு கேம்பிங் என்று பேர். கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டக்காரர் காரோடு வந்து தங்குகிறவர்களுக்கு இடம் விடுகிறாராம். வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. பூபதியும் மருமகள் எழிலும் கூடாரத்தில் படுத்துக்கொள்வார்கள், குளிர் தாங்காத இரண்டு அப்பாக்களும், அதாவது நானும் எழிலின் அப்பா மருதாசலமும், காருக்குள். எனக்குக் கால் வலி, மலை ஏறினால் காது அடைக்கும், நீங்கள் போய்வாருங்கள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். எழில்தான் சிரித்தாள். ஏனுங் மாமா, பாறையில பாசி புடிக்கற வரைக்கும் தூங்கின ஆளுங்க நீங்க, உங்களுக்குக் காருக்குள்ள படுக்கறதுக்குக் கால் வலிக்குதா என்றாள். நான் சொன்ன கதைதான் அது. தொலைபேசி இலாகாவில் லைன்மேனாக நீலகிரி முழுக்கக் கம்பம் ஏறியவன் நான், ஆனால் காட்டில் படுத்தது ஒரே ஒரு ராத்திரி, அதுவும் ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு. மற்றபடி படுக்கை எல்லாம் எஸ்டேட் குவார்ட்டர்ஸ்களில், தேங்காய் நார் மெத்தையில். ஆனால் அதைச் சொன்னால் யார் உட்கார்ந்து கேட்பார்கள். நான் உச்சியில் இருக்கும்போதே யானை கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடைக்குப் போனது, நான் அங்கிருந்தே எக்ஸ்சேஞ்சுக்குப் பேசினேன், இப்ப யானை தண்ணி குடிக்குது, லைன்ல கொஞ்சம் இரைச்சல் இருக்கும், வச்சிடாதீங்க என்று சொன்னேன் என்றால் ஊரே கேட்கிறது. மருதாசலம்தான் மற்ற எல்லாரையும்விட நன்றாகக் கேட்பார். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் நேரம் பார்த்துச் செய்கிற மனுஷன், சிரிப்பதற்கு மட்டும் நேரம் பார்க்கமாட்டார். யானை கிளம்பறப்ப யாரு சம்பந்தி பச்சைக் கொடி காட்டுனது என்று கேட்டுவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். சம்பந்தி வந்தாத்தான் நானும் வருவேன், ராத்திரி முழுக்கக் கதை கேட்கலாமே என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் எப்படி வரவில்லை என்பது.

எழவு, அந்த ஆபரேஷன். புராஸ்டேட் என்று சொன்னார்கள், அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் கேட்டவர்களிடமெல்லாம் கல் என்று சொன்னேன், கல் என்றால் ஆண்பிள்ளைக்கு ஒரு கௌரவம் இருக்கிறது, எலுமிச்சங்காய் அளவு கல், டாக்டர் அதைக் கண்ணாடி ஜாடியில் போட்டுப் படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட வைத்திருக்கிறார் என்றுகூடச் சொன்னேன். கொஞ்ச நாளைக்கு மூத்திரம் தங்காதுங்க, போகப் போகச் சரியாயிடும் என்றார் அந்த டாக்டர். பகலில் சரியாகிவிட்டது. ராத்திரியில் சரியாகவில்லை. தினமும் என்று சொல்ல முடியாது, அதுதான் கொடுமை, தினமும் என்றால் மனசு தயாராகிவிடும். நாலு நாள் ஒன்றும் இருக்காது, ஐந்தாம் நாள் தூக்கத்தில் ஒரு இதம் வரும், சின்னப் பிள்ளையில் அம்மா மடியில் படுத்த மாதிரி ஒரு வெதுவெதுப்பு, எவ்வளவு சுகம் என்று தூக்கத்திலேயே நினைப்பேன், நினைத்து முடிப்பதற்குள் அது ஆறி, குளிர்ந்து, வேட்டி தொடையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எழுந்து உட்கார்ந்து இருட்டில் யோசிக்க வேண்டும், இன்றைக்கு என்ன சொல்வது. தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்துவிட்டது என்று ஒரு நாள். பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் வழியாக வந்து என் மெத்தையில் போய்விட்டது என்று ஒரு வாரம். பூனைக் கதை நன்றாக ஓடியது, அதற்கு ஒரு கண் குருடு, வாலில் வளையம், என் காலடியில் குட்டி போடப் பார்க்கிறது என்றெல்லாம் வளர்த்தேன், வளர்த்த வளர்ப்பில் பூபதி பயந்துபோய் ஆளைக் கூட்டிவந்து ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்துவிட்டான். அதோடு பூனையும் போச்சு. இப்போது மெத்தைக்குமேல் கைக்குழந்தைகளுக்குப் போடும் ரப்பர் ஷீட்டு, அதன்மேல் பழைய வேட்டி, அதன்மேல் விரிப்பு. வேட்டியை நானே துவைக்கிறேன், எல்லாரும் எழுவதற்கு முன்னால். பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் டயப்பர் இருக்கிறதாம். வாங்குவதற்கு ஒரு தடவை போனேன். மெடிக்கல்காரன் எங்கள் வீதி ஆள், எதைக் கேட்டாலும் உள்ளே இருக்கிறவனுக்குக் கத்திச் சொல்லி எடுத்துவரச் செய்கிறவன். இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மிட்டாய் இன்னும் பாக்கெட்டில் இருக்கிறது, இப்போது நெஞ்சில் குத்துகிறது.

ஆகவே மெத்தை எடுக்க வந்த இந்தக் கடையில் அவர்கள் தேடியது ஒன்று, நான் தேடியது ஒன்று. பூபதி கனத்தைத் தேடினான், உருண்டு படுத்தால் தோள் தரையில் இடிக்கக் கூடாது என்றான். எழில் குளிரைக் கேட்டாள், கீழேயிருந்து சில்லென்று ஏறாமல் இருக்க எது நல்லது என்று மேகலாவை விசாரித்தாள். மருதாசலம் ஒவ்வொன்றையும் குனிந்து அமுக்கி, தைத்த விளிம்பைத் திருப்பிப் பார்த்து, காற்றடைக்கும் திருகை மூடித் திறந்து பார்த்தார், ரயில் கிளம்புவதற்கு முன்னால் பிரேக் பார்க்கிற மாதிரி. நான் மட்டும் யாரும் பார்க்காதபோது விரலை எச்சில் தொட்டு மெத்தைமேல் வைத்து, உறிஞ்சுகிறதா, நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். உறிஞ்சாத ஒன்று இருந்தது, இதோ இப்போது நான் கிடக்கிறேனே, இந்த ஆரஞ்சு நிற ஒற்றை ஆள் மெத்தை, குடைத் துணி மாதிரி மேல்பாகம், வெறும் காற்று அடைத்தது, துடைத்தால் போய்விடும். ஆனால் அசைந்தால் முறுக்குப் பொட்டலம் மாதிரி சத்தம் போடுகிறது, அதோடு மேகலா எட்ட நின்று பார்த்தவள், அது மலையேறுகிறவர்கள் முதுகில் சுருட்டிக்கொண்டு போவதற்கு என்று செய்ததுங்க, கார்லயே போறவங்களுக்கு அது எதுக்கு, உங்களுக்கு இதுதான் என்று ஓர் இருவர் மெத்தையைப் புரட்டிப்போட்டாள். திருகைத் திறந்தால் தானாகவே காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அப்படி ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு அது எழும்பியது, பூபதி டேப்பை வைத்தான், காரின் பின்பக்கத்துக்கு அச்சு எடுத்தது மாதிரி பொருந்தியது. மேலே பூனை முதுகு மாதிரி மெத்தென்ற துணி. உள்ளே முழுக்க ஸ்பாஞ்ச். ஸ்பாஞ்ச் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் பேச ஆரம்பித்தேன். துணி மெத்தை என்றால் அட்டைப்பூச்சி உள்ளே புகுந்து குடித்தனம் பண்ணும், கோத்தகிரிப் பனி காருக்குள்ளேயே பெய்யும், அறுபத்தெட்டிலோ எப்போதோ ஒரு துரை ஸ்பாஞ்ச் மெத்தையில் படுத்துக் காலையில் மிதந்துகொண்டிருந்தார் என்று எடுத்துவிட்டேன். மேகலாகூடச் சிரித்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரெண்டு ஒத்தை வாங்கினா நடுவுல விலகி விலகிப் போகும்பா, உங்க ரெண்டு பேருக்கும் இதுதான் சௌகரியம், ஒருக்கா படுத்துப் பாருங்க என்றான் பூபதி.

மருதாசலம் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார், சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து மகளிடம் கொடுத்தார், படுத்தார். வலது பக்கமாக ஒதுங்கிப் படுத்தார், எனக்கு ஜன்னல் பக்கம் விட்டாராம், கடையில் ஏது ஜன்னல், காருக்குள் படுத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டார். அப்புறம் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். வாங்க சம்பந்தி, என்றார், யானை எந்தப் பக்கம் வரும்னு பார்த்துப் படுங்க என்றார். அந்தக் கை. அகலமான கை, விரல்களில் நரை மயிர், பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் பிடித்த கை, அந்த மெத்தென்ற துணியின்மேல் பட்டுப் பட்டு எழுந்தது. எனக்கு அந்த இடத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி தெரிந்தது. கண்ணாடி ஏற்றிய கார், வெளியே பனி, நான் கதை சொல்லி அவர் சிரித்து ஓய்ந்து தூங்குகிறார், நானும் தூங்குகிறேன், இதம் வருகிறது, அந்த ஸ்பாஞ்ச் அதை வாங்கி வாங்கி அவர் பக்கம் கொண்டுபோகிறது, அவர் முதுகுக்கு, அவர் சட்டைக்கு. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. வாழ்நாளெல்லாம் பொய் சொல்லப் பழகிய வாய், ஒரு நல்ல பொய்யைத் தேடி எடுக்க அதற்கு அவகாசம் இல்லை. "அதெல்லாம் வேண்டாம், இவரோட ஒரே மெத்தையில என்னால படுக்க முடியாது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன குரலும் என் குரல் மாதிரி இல்லை, கொஞ்சம் உயர்ந்து, கொஞ்சம் அருவருப்போடு இருந்தது, அருவருப்பு என்மேலேதான், ஆனால் குரலுக்கு விலாசமா எழுதி ஒட்டியிருக்கிறது.

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. எழில் என்னைப் பார்க்கவில்லை, தன் அப்பாவைத்தான் பார்த்தாள், அப்புறம் கையிலிருந்த அந்தக் கண்ணாடிக் கூட்டைப் பார்த்தாள். பூபதி டேப்பைச் சுருட்டினான், அது சடக்கென்று உள்ளே போய் விழுந்தது. மருதாசலம் மெதுவாக ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்தார், தான் படுத்திருந்த பக்கத்தைப் புறங்கையால் தட்டிச் சுத்தம் செய்தார். எதற்குத் தட்டினார், அவர் மேலிருந்து என்ன உதிர்ந்துவிட்டது. "பரவால்லீங்க, அவங்கவங்க பழக்கம்" என்றார், அவ்வளவுதான், செருப்பைப் போட்டுக்கொண்டு சைக்கிள்கள் பக்கம் போய்விட்டார். பழக்கம் என்ற அந்தச் சொல் என் காதில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் வேறு சாதி, நாங்கள் வேறு சாதி, எங்கள் ஆட்கள் எங்களுக்கு மேலே யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறவர்கள், பிள்ளைகள் இரண்டும் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். நிச்சயத்தன்று போத்தனூரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம், என் பெரியண்ணன் சென்னியப்பனும் வந்திருந்தார். இலை போட்டுக் கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லைங்க, டாக்டர் மோர்கூட வேண்டான்னுட்டார் என்று அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் தண்ணீர் குடித்தார், திரும்பி வரும்போது சுந்தராபுரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பரோட்டா சாப்பிட்டார். எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான், வேண்டாத வீட்டுக்குள் நுழைந்ததும் வயிறு கெடும், சர்க்கரை ஏறும், விரதம் வரும், வீட்டை விட்டு இறங்கியதும் எல்லாம் சரியாகிவிடும். நான் அன்றைக்குப் பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்தப் பாயசத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக நல்லவன் என்று பேர் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், மருதாசலம் என்னிடம் அப்படிச் சிரிப்பதும் அந்தப் பாயசத்தினால்தான்.

இதோ பாருங்கள், சத்தியம் பண்ணியிருக்கிறேன், அதனால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் அப்படி நினைத்துக்கொண்டார் என்று விளங்கியதும் என் நெஞ்சுக்குள் முதலில் வந்தது வருத்தம் இல்லை. நிம்மதி. அப்பாடா, வேறு எதையோ நினைத்துக்கொண்டார் என்று ஒரு நிம்மதி, தொண்டையில் மாத்திரை இறங்கின மாதிரி. அந்த நிம்மதியோடு, ஒன்றுமே நடக்காதவன் மாதிரி, எனக்கு ஒத்தை மெத்தையே போதும்மா, போட்டுக் காட்டு என்று மேகலாவிடம் சொல்லிவிட்டு, இதில் வந்து படுத்துவிட்டேன். படுத்த பிறகுதான் மற்றதெல்லாம் வரிசை கட்டி வருகிறது. என்னடா கணக்கு இது நாச்சிமுத்து. சாதி பார்க்கிற கிழவனுக்கு ஊரில் நாற்காலி இருக்கிறது, கல்யாண வீட்டில் முன்வரிசை இருக்கிறது, பெரியவர் கொஞ்சம் பழைய ஆளுங்க என்று சொல்லிவிட்டுக் காபி கொண்டுவந்து கொடுப்பார்கள். படுக்கையில் போகிற கிழவனுக்கு ரப்பர் ஷீட்டுதான் இருக்கிறது. அதனால் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாய், அண்ணன் எழுந்துபோன சூடு ஆறுவதற்குள். எழிலுக்கு என்ன தோன்றும், தினமும் அவள் கையால் சோறு வாங்கித் தின்கிற மாமனார், இத்தனை நாள் நடித்தார் என்றுதானே தோன்றும். அவள் வைத்த ரசத்தை நான் ஊதி ஊதிக் குடித்ததெல்லாம் அவளுக்கு இப்போது என்னவாகத் தெரியும். பூபதி பில் போடும் இடத்துப் பக்கம் நின்று பெண்டாட்டியிடம் என்னவோ சொல்கிறான், அவள் தலையை ஆட்டுகிறாள், இல்லை என்கிறாளா, சரி என்கிறாளா. மேகலா, கழுத்துக்குத் தலையணை வச்சுப் பாக்கறீங்களா என்கிறாள். மெத்தை முறுக்குச் சத்தம் போடுகிறது. இதில் தனியாகப் படுத்தால் வெள்ளிக்கிழமை ஒரு சிக்கலும் இல்லை, துடைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது, அவர் மறு ஓரத்தில் முதுகைக் காட்டிப் படுத்திருப்பார், கதை கேட்கமாட்டார், யானை எந்தப் பக்கமும் வராது. இல்லை, அவர் வரவே மாட்டார். வெள்ளிக்கிழமை காலையில் எழிலுக்கு போன் வரும், அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம் என்று. அவருக்கும் வயிறு கெடும். இந்த முறை எங்கள் பக்கத்திலிருந்து அந்த வீட்டுக்குப் போன வியாதி அது.

எழுந்திருக்கிறேன். எழுவதும் லேசில்லை, முதலில் ஒருக்களிக்க வேண்டும், முழங்காலை மடக்க வேண்டும், இந்த மெத்தை வழுக்குகிறது, மேகலா கை கொடுக்கிறாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழும்போதே ஒரு பயம், அழுத்தம் கொடுத்தால் பகலிலும் சில சமயம் ஒரு சொட்டு, இல்லை, ஒன்றுமில்லை. செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு சைக்கிள்கள் பக்கம் நடக்கிறேன், தரை சில்லென்று இருக்கிறது, நடக்க நடக்க எப்படி ஆரம்பிப்பது என்று வாய் ஒத்திகை பார்க்கிறது, ஒரு யானையை முன்னால் விட்டு அதன் பின்னால் இந்தச் சங்கதியை அனுப்பலாமா என்றுகூடப் பார்க்கிறது, வேண்டாம், யானை வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மருதாசலம் திரும்பிப் பார்க்கவில்லை, சைக்கிள் மணியின் பளபளப்பில் நான் வருவது அவருக்குத் தெரிந்திருக்கும், உப்பிப்போன சின்னக் கிழவன் ஒருவன் வருகிறான். பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு ராத்திரியில நிக்கறதில்லீங்க சம்பந்தி, தூக்கத்துல படுக்கையிலயே போயிடுது, அதனாலதான் அப்படிச் சொன்னேன், வேற எதுவும் இல்லை, ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படித்தான் என்று சொன்னேன். இவ்வளவு கொஞ்சமாக, இவ்வளவு நேராக, ஒரு யானையும் இல்லாமல், என் வாழ்நாளில் நான் ஒன்றைச் சொன்னதே இல்லை. சொல்லி முடித்ததும் சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிடுவார் என்று பயந்தேன், பாவம் என்று தோளில் கை வைத்துவிடுவார் என்று அதைவிடப் பயந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கையும் வைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், நன்றாகப் பார்த்தார், கதை கேட்கும்போது பார்க்கிற மாதிரியேதான் பார்த்தார், ஆனால் அதன் கடைசியில் வருகிற சிரிப்பு வரவில்லை. அது கல்லுன்னுதானே சொன்னீங்க, எலுமிச்சங்காய் அளவுன்னு, ஜாடியில வச்சிருக்காங்கன்னு என்று கேட்டார். அது பொய் என்றேன். இது நிஜமா என்றார். இது நிஜம் என்றேன். சத்தியமா என்று அவர் கேட்கவில்லை, என் சத்தியங்களை அவர் எவ்வளவோ பார்த்திருக்கிறார். சைக்கிள் மணியிலிருந்து விரலை எடுத்தார். கோபமே இல்லாமல், ரயில் எவ்வளவு தாமதம் என்று பயணிக்குச் சொல்கிற குரலில் சொன்னார். "அன்னைக்கு உங்க அண்ணனுக்கு வயிறு. இன்னைக்கு உங்களுக்கு இது. உங்க குடும்பத்துல உடம்பு சமயம் பார்த்துத்தான் கெடுது சம்பந்தி." அப்புறம், "பூனை, யானைன்னு எதுனாலும் சொல்லுங்க, உக்காந்து கேக்கறேன். இந்தக் கதை மட்டும் எனக்கு வேண்டாம்" என்றார். பூனை. அந்தப் பூனைக் கதையையும் இவருக்குச் சொல்லியிருக்கிறேனா, சொல்லியிருக்கிறேன், ஒரு கண் குருடு, வாலில் வளையம், விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பூனைதான் சம்பந்தி இது என்று எப்படிச் சொல்வது. மகனைக் கூப்பிட்டுச் சாட்சி வைக்கலாமா, அவனுக்கே தெரியாது. டாக்டர் சீட்டைக் காட்டலாமா, எந்தச் சீட்டில் இது எழுதியிருக்கும். வேட்டியை உலுக்கியா காட்ட முடியும், இங்கே, இந்தக் கூட்டத்தில். கெட்டிக்காரத்தனமாக இத்தனை நாள் எல்லாக் கதவையும் நானே உள்பக்கம் பூட்டிவிட்டு, இப்போது வெளியே போக வேண்டும் என்று நிற்கிறேன்.

ஏசிக் காற்று காலில் பட்டது. அப்புறம் திரும்பி நடந்தேன், இந்த நடை எனக்கே கேட்டது, வெறுங்கால் சத்தம். அந்த ஆரஞ்சு மெத்தையைச் சுருட்ட ஆரம்பித்திருந்த மேகலாவிடம், அது வேண்டாம்மா, அந்த ரெட்டை மெத்தையே போடு என்றேன். பூபதி, அப்பா நிஜமாவா என்றான். எழில் நிமிர்ந்து பார்த்தாள், அந்தப் பார்வையில் இன்னும் நான் மாமா ஆகவில்லை, ஆகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய மெத்தையில் போய் இடது பக்கமாகப் படுத்தேன், துணி கன்னத்தில் பட்டது, எவ்வளவு மெது, பாவி ஸ்பாஞ்ச் இடுப்பை அப்படியே உள்ளங்கையில் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டது. வாங்க சம்பந்தி, படுத்துப் பாருங்க என்று கூப்பிட்டேன். கெஞ்சுகிற குரலாக இல்லாமல் பார்த்துக்கொண்டேன், ஆனால் கெஞ்சல்தான் அது. அவர் வர நேரம் ஆனது. வந்தார். செருப்பை ஜோடியாக வைத்தார். படுத்தார், கைகளை நெஞ்சின்மேல் கட்டிக்கொண்டு, தொடாமல், இருவருக்கும் நடுவே ஒரு முழம் இடம் விட்டு. இருவரும் ஏசிக் குழாய்களைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறோம். அவர் மூச்சு விடுவது மெத்தை வழியாக எனக்குத் தெரிகிறது, நான் விடுவது அவருக்கும் தெரியும். இடுப்புக்கு எப்படிங்க என்கிறாள் மேகலா. நல்லா இருக்குது என்கிறார் மருதாசலம், எனக்கும் சேர்த்து அவரே சொல்லிவிட்டார். அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, மகளுக்காகப் படுத்திருக்கிறார். வார்த்தையால் இனி அவரை நம்பவைக்க என்னால் முடியாது, என் வார்த்தையெல்லாம் செலவழிந்துபோச்சு. இனி ஒன்றுதான் இருக்கிறது, அது வெள்ளிக்கிழமை ராத்திரி இந்த மெத்தையில் தானாக நடக்க வேண்டும். நடந்தால், அவர் நனைந்த முதுகோடு எழுந்து உட்கார்ந்து, இருட்டில் என்னைப் பார்த்து, ஓ என்பார், நான் அந்த ஓ-வைக் கேட்டுவிட்டு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நடக்காவிட்டால், அதுதான் இதைவிடப் பெரிய பயம், நாலு நாள் வராமல் இருக்குமே, அந்த நாலில் ஒன்றாக வெள்ளிக்கிழமை அமைந்துவிட்டால், காலையில் மெத்தை காய்ந்து கிடந்தால், நான் சென்னியப்பனின் தம்பிதான், சாகிறவரைக்கும். முருகா, இத்தனை நாள் உன்னிடம் எதை வேண்டாம் என்று அழுதேனோ அதை அன்றைக்கு ஒரு ராத்திரி கொடுத்துவிடு. உன்னை மட்டும் நம்பியும் இருக்க மாட்டேன், படுக்கப் போகும்போது ஒரு சொம்புத் தண்ணீர் கூடுதலாகக் குடித்துவிட்டுத்தான் படுப்பேன், தேவைப்பட்டால் இரண்டு. நீங்கள் இதைக் கேட்டுவிட்டீர்கள், உங்களால் வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க முடியாது, யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் தெரியாது என்றுவிடுங்கள், நாச்சிமுத்து பேரை எடுக்காதீர்கள், எடுத்தால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.